நாலாவது சக்கரம்

கீழ்வேளூர்
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை கவிப்ரியா எழுதுவது.

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். அம்மாவின் முட்டிவலி ஏகாதசிக்கு ஒரு தினுசு, அமாவாசைக்கு ஒரு தினுசு. உங்கள் வயிற்றுப் புண் ஆறியதா? சிறைச் சாப்பாட்டில் காரத்தைக் குறைக்கச் சொல்ல முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், சிரிக்காதீர்கள்.

சம்பா அறுப்பு முடிந்தது. தை மழையில் பயிர் சாய்ந்துவிட்டதால் மெஷின்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் அறுத்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். டெல்டா ஃபார்முலா கார்ப் பந்தயம் திரும்ப வருகிறது. அதே இடம்தான். யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம், இத்தனை நாள் நெல் காயவைக்கிற களமாகக் கிடந்ததே, அதற்குத் தார் போட்டிருக்கிறார்கள். வண்டியும் அப்பா காலத்து வண்டி மாதிரிதான். ஒற்றை ஆள், கூரை கிடையாது, நாலு சக்கரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் டிராக்டர் பட்டறையில் குழாயை வளைத்துச் செய்ததில்லை. உடம்பு முழுக்கக் கார்பன் நார். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே ஒரு வளையம், கவிழ்ந்தாலும் தலை நசுங்காது. சக்கரத்துக்கு நாலு நட்டு என்பதெல்லாம் போய் நடுவில் ஒரே நட்டு. கழன்றாலும் பறந்துபோகாமல் சக்கரத்தைக் கயிறு போட்டு வண்டியோடு கட்டியிருக்கிறார்கள். முதல் பந்தயம் விஜயதசமி அன்றைக்கு, அக்டோபர் இரண்டு.

சக்கரங்களுக்குப் பொறுப்பாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தஞ்சாவூர் ஷோரூமில் ஆயில் மாற்றி மாற்றி எனக்கும் அலுத்துவிட்டது. போகிறேன்.

உடம்பில் கவனமாக இருங்கள். யாரிடமும் சண்டை வேண்டாம்.

கவி

*

மத்திய சிறை
21.2.2025

தங்கை கவிக்கு,

வயிறு எரிகிறது. புண்ணால் இல்லை.

நீ எழுதாமல் விட்டதைப் பேப்பர்காரன் எழுதிவிட்டான். அந்தப் பந்தயத்தை நடத்துகிறவள் பெயர் வானதி. அப்பாவுக்குப் போட்டியாக ஓட்டிய தியாகராசன் மகள். அதை எழுத உன் பேனாவில் மை இல்லையா?

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பதினாலு வருஷம் ஆகப் போகிறது. அப்பா வண்டியின் நாலாவது சக்கரத்தை அவள் அப்பன் தளர்த்தினான். வண்டி கவிழ்ந்து அப்பா நாற்று நட்ட வயலில் சேற்றோடு செத்துக் கிடந்தார். அங்கேயே, அந்தச் சேற்றிலேயே, நட்டு முறுக்குகிற வீல் பானாவால் அவன் மண்டையைப் பிளந்தேன். மூன்று அடி. கோர்ட்டில் நான் எதையும் மறுக்கவில்லை.

நம் பட்டறைச் சட்டம் ஊருக்கே தெரியும். எவன் நட்டை முறுக்குகிறானோ அவன் கையால் அந்த நட்டுக்குக் குங்குமப் பொட்டு. பொட்டு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். அன்றைக்கு நாலு சக்கரத்திலும் பொட்டு இருந்தது. நான் முறுக்கினேன். காலையில் தியாகராசன் நாலாவது சக்கரத்திடம் குனிந்து நின்றதை மூன்று பேர் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். நீயும் அங்கேதான் நின்றாய், பதினேழு வயசுக் கழுதை.

அவன் மகளிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்குவாயா? தூ.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

பஞ்சநதம்

*

கீழ்வேளூர்
30.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சொல்லும்படி நோய்நொடி இல்லை. நீங்கள் தூ என்று துப்பியது எங்கள் வீட்டு வாசல்வரை தெறித்தது. துடைத்துவிட்டு எழுதுகிறேன்.

வேலைக்குப் போய் ஒரு மாசம் ஆயிற்று. வானதிக்கு இருபத்தாறு வயசு. தானும் ஓட்டப்போகிறாள். நான் யாரென்று தெரிந்தேதான் கூப்பிட்டாளாம். முதல் நாளே நேராகக் கேட்டேன், "என் அண்ணன் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும்க்கா. எங்க ஊர்ல இன்னிக்கும் எங்கம்மாவ நட்டுக் கழட்டுனவன் பொண்டாட்டின்னுதான் சொல்றாங்க. எங்கப்பா அப்படி ஆளில்லக்கா. அத எப்படி நிரூபிக்கிறதுன்னுதான் தெரியல. சரி, அத விடுங்க. இந்தச் சக்கரத்தப் பாருங்க, காத்து நிக்க மாட்டேங்குது."

அவ்வளவுதான் பேச்சு. காற்று ஏன் நிற்கவில்லை என்று பார்த்தேன். வால்வில் பழுது.

அண்ணா, அந்தப் பெண்மேல் உங்களுக்கு என்ன கோபம்? அன்றைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வயசு.

அம்மா மட்டும் மாறவில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் தியாகராசன் வம்சம் விளங்காமல் போகட்டும் என்று சாபம் விடுகிறாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கோபத்தைக் குறைத்துக்கொண்டால் உடம்புக்கும் நல்லது.

கவி

*

மத்திய சிறை
8.4.2025

கவிக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கை முட்டியில் நாலு தையல் தவிர. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அவள் படம் வந்திருந்தது, ஹெல்மெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "இவ அப்பனத்தான் போட்டியாமே, ஆளு எப்படி, நல்லவனா?" என்று கேட்டான். அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. வாய்க்குள் விட்டு அடித்ததில் என் கை கிழிந்தது. ஒரு வாரம் தனியறை. நிம்மதியாக இருந்தது.

உனக்கு ஒரு வேலை. அக்டோபர் முதல் பத்து நாளுக்குப் பரோல் வேண்டும். வீட்டிலிருந்து மனு போக வேண்டும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று எழுதி நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பந்தயத்தன்றைக்கு நான் அங்கே இருப்பேன். அந்தப் பெண்ணிடம் நேரில் பேச வேண்டியது இருக்கிறது. அவள் அப்பனிடம் எப்படிப் பேசினேனோ அப்படி. இதற்குமேல் எழுதினால் கடிதத்தை மேலே பிரித்துப் படிக்கிற ஜெயில் அதிகாரிகள் கறுப்பு மையைப் பூசிவிடுவார்கள். உனக்குப் புரியும்.

அவளிடம் பழைய கதை எதையும் பேசாதே. ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினாய் என்று தெரிந்தால் உன் நாக்கை இழுத்து அறுத்துவிடுவேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பஞ்சநதம்

*

கீழ்வேளூர்
15.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கை தையல் பிரித்தாயிற்றா? இங்கே வெயிலில் அம்மாவுக்கு வேர்க்குரு. மற்றபடி குறையில்லை.

மேட்டூர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இன்னும் நம் வாய்க்காலுக்கு வரவில்லை. ஆட்கள் மண்வெட்டியோடு மதகைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

வண்டிகள் எட்டும் வந்துவிட்டன. ஒன்றைக் கிளப்பினால் அரை மைலுக்குக் கொக்கு எல்லாம் பறந்துவிடுகிறது. நட்டு முறுக்குகிற துப்பாக்கியைத் தூக்கி முதல் நாள் என் தோள் கழன்றது போல வலித்தது. ஒரு சக்கரம் மாற்ற ஆறு விநாடி ஆகிறது. நாலுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஃபாஜில் என்று ஒருவர், நாகூர்க்காரர், இரண்டாவது வண்டி ஓட்டுகிறார். "சிஸ்டர், நீங்க ஒவ்வொரு நட்டையும் மூணு தடவ பாக்குறீங்களே, எம்மேல நம்பிக்கையில்லையா, வண்டி மேலயா?" என்கிறார். என்மேல்தான் இல்லை என்று சொன்னேன். சிரித்தார்.

வேறு விசேஷம் இல்லை.

கவி

*

மத்திய சிறை
2.7.2025

கொக்கு பறந்ததை எழுதத் தெரிகிறது. மனு என்ன ஆயிற்று?

நீ எழுதாவிட்டால் அம்மா கைநாட்டு வைப்பாள். அவளுக்கு எழுதிவிட்டேன்.

பஞ்சநதம்

*

கீழ்வேளூர்
10.8.2025

அண்ணனுக்கு,

அம்மாவுக்கு நீங்கள் போட்ட கடிதம் என் கையில்தான் கிடைத்தது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை மேலே படிக்கிற அதிகாரியும் நன்றாகப் படிக்கட்டும். மறைக்கிற தெம்பு எனக்கு இனி இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபாஜில் வானதியை முந்தப் போனார். அவர் முன்சக்கரம் வானதியின் பின்சக்கரத்தில் ஏறியது. மூடி இல்லாத சக்கரம் இரண்டு உரசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஆளுயரத்துக்கு எழும்பித் தலைகீழாக விழுந்து, நெருப்புப் பொறி பறக்க இழுத்துக்கொண்டுபோய் வரப்பில் முட்டி நின்றது. ஒரு சக்கரம் கயிற்றோடு துடித்துக்கொண்டு தொங்கியது.

எல்லோரும் ஆளை இழுக்க ஓடினார்கள். நான் எங்கே ஓடினேன் தெரியுமா? சக்கரத்துக்கு. நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க. உள்ளே ஒரு மனுஷர் தலைகீழாகத் தொங்குகிறார், நான் நட்டைத் தடவிப் பார்க்கிறேன். இறுக்கமாகத்தான் இருந்தது. வளையம் அவர் தலையைக் காப்பாற்றிவிட்டது, மணிக்கட்டு மட்டும் முறிந்தது. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். வானதி முதுகைத் தடவிக்கொடுத்தாள். தியாகராசன் மகள் என் முதுகைத் தடவுகிறாள்! என்னால் தாங்க முடியவில்லை அண்ணா.

நாலாவது சக்கரத்துக்குப் பொட்டு வைத்தது நான்.

அன்றைக்குக் காலையில் நீங்கள் மூன்று சக்கரம் முடித்துவிட்டுப் பெட்ரோல் கொண்டுவரப் போனீர்கள். நான் குங்குமச் சிமிழோடு வந்தேன். மூன்று சக்கரமும் மங்களகரமாக இருக்கிறது, ஒன்று மட்டும் மூளியாக இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், அப்பா ஏறப்போகிற வண்டி, மூளியாகப் போகலாமா என்று நாலு நட்டுக்கும் வைத்தேன். பெண்பிள்ளை பட்டறைக்குள் வரக் கூடாது என்று என்னை எப்போது உள்ளே விட்டீர்கள்? அந்தச் சட்டம் எனக்கு எப்படித் தெரியும்? சாமி கும்பிட்ட பொட்டு என்றுதான் நினைத்தேன்.

சிமிழின் மூடி வண்டிக்கடியில் உருண்டுவிட்டது. அந்தப் பக்கமாக வந்த தியாகராசன் மாமா குனிந்து எடுத்துக் கொடுத்தார். "பத்திரமா வெச்சுக்கம்மா" என்றார். அவர் குனிந்தது அதற்குத்தான். அதைத்தான் மூன்று பேர் பார்த்தார்கள்.

பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கோர்ட்டில் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. எழுந்து கத்தியிருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தவில்லை. பதினேழு வயசு என்று சொல்லிக்கொள்ளலாம். பதினெட்டு வந்ததே, இருபத்தைந்து வந்ததே, அப்போது எங்கே போனது வாய்?

அப்பாவைக் கொன்றது நான். உங்களை உள்ளே தள்ளியதும் நான். அடிக்க வேண்டுமானால் என்னை அடியுங்கள். வானதி பக்கம் போகாதீர்கள். அவள் அப்பா ஒரு தப்பும் செய்யவில்லை.

மனு எழுதமாட்டேன்.

கவிப்ரியா

*

மத்திய சிறை
20.8.2025

கடிதம் கிடைத்தது.

பஞ்சநதம்

*

மத்திய சிறை
14.9.2025

தங்கை கவிக்கு,

சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு வாரம் இருந்தேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிற அளவுக்குத் தேவலை.

நீ வைத்த பொட்டு என்று எனக்குத் தெரியும்.

பெட்ரோல் கேனோடு திரும்பி வந்தபோதே அது என் பொட்டு இல்லை என்று தெரிந்தது. நான் கட்டைவிரலால் அப்புவேன். அது மோதிர விரல் பொட்டு, சின்னதாக, அழகாக இருந்தது. அப்பா முறுக்கிவிட்டு வைத்திருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உன் விரல் என்று பிறகுதான் புரிந்தது. பானாவைப் போட்டு ஒரு திருப்பு திருப்பிப் பார்த்திருக்கலாம். மைக்கில் வண்டியைத் தள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பு வணங்கவில்லை. அவ்வளவுதான். அந்த நட்டு நாலும் நான் விரலால் திருகிவிட்டதோடு ஓடின.

மீதியையும் கேள். வண்டி வயலில் கவிழ்ந்ததும் முதலில் ஓடிப்போனது தியாகராசன். தன் வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டு வரப்பைத் தாண்டிக் குதித்தான். நான் பின்னாலேயே ஓடினேன். வண்டியின் மூக்கைத் தோளில் முட்டுக்கொடுத்துத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் அப்பாவின் தாடையைச் சேற்றுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்பா இருமினார். அப்பாவுக்கு உயிர் இருந்தது கவி.

தியாகராசன் என்னைப் பார்த்துக் கத்தினான். "பின்னாலதான்டா வந்தேன், நட்டு ஒண்ணொண்ணாத் தெறிச்சுதேடா! முறுக்கவே இல்லியாடா பாவி? வா, வந்து தூக்கு!"

வரப்பில் முப்பது பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை அவன் அதைச் சொன்னால் எல்லோர் காதிலும் விழும். பெற்ற அப்பனைக் கொன்றவன் என்று ஊர் சொல்லும். அதுதான் எனக்கு அப்போது தோன்றியது. கையில் பானா இருந்தது. அடித்தேன். முதல் அடியிலேயே அவன் சரிந்தான். வண்டி அப்பாமேல் இறங்கியது. நான் வண்டியைத் தூக்கவில்லை. அவனைத்தான் இன்னும் இரண்டு அடி அடித்தேன்.

ஆட்கள் வந்து சேர்ந்தபோது அப்பா இருமவில்லை. அவன்தான் தளர்த்தினான் என்று நான் கத்தினேன். எல்லோரும் நம்பினார்கள். சில வருஷம் நானே நம்பினேன்.

நீயும் அவளும் ஒரே இடத்தில் வேலை செய்தால் என்றைக்காவது ஒருநாள் பேசிவிடுவீர்கள் என்ற பயம்தான் என்னைக் கத்தவைத்தது. பரோலில் வந்திருந்தால் அவளை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. மனுவை இப்போதாவது எழுது. வந்து அவள் காலில் விழுகிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே.

பஞ்சநதம்

*

கீழ்வேளூர்
4.10.2025

பஞ்சநதத்துக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுக்கப் படித்துக் காட்டினேன். "உசுரு இருந்துச்சா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இப்போது சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உன்னைப் பற்றி விசாரிக்கவில்லை.

ஆமாம், நீ என்றுதான் எழுதுகிறேன். பதினாலு வருஷமாக அப்பாவைக் கொன்றவள் என்று என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே என்னிடம் அம்மா முட்டிவலியை விசாரித்துக்கொண்டிருந்தாய். தூ. இது உன் வாசலில் விழட்டும்.

உன் கடிதத்தோடு, என் பங்கையும் எழுதி வானதியிடம் கொடுத்தேன். வண்டி ஷெட்டில் நின்றபடியே படித்தாள். நட்டுத் துப்பாக்கியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள், அது உடைகிறவரைக்கும் அடித்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தாள். உதடு கிழிந்தது.

"பொட்டு வெச்சதுக்கு இல்ல. அது யாரா இருந்தாலும் வெச்சிருப்பாங்க. பதினாலு வருஷம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்களே, அதுக்கு. எங்கம்மா ஊர விட்டே ஓடுனாங்க."

வெளியே போகச் சொன்னாள். வந்துவிட்டேன்.

ஆனால் விஜயதசமி அன்றைக்குப் போனேன். நாலாயிரம் பேர் இருந்தார்கள். பழைய பட்டறைக்காரர்கள் எல்லோரும் முன்வரிசையில், உனக்காகச் சாட்சி சொன்ன மூன்று பேர் உட்பட. வண்டிகள் வரிசையில் நிற்கும்போது ஃபாஜிலிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். கட்டுப்போட்ட கையோடு அவர்தான் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார். தியாகராசன் எந்த நட்டையும் தொடவில்லை என்று சொன்னேன். யார் பொட்டு வைத்தது, யார் முறுக்காமல் விட்டது, சேற்றுக்கு மேலே அப்பா முகத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது யார் கை, அந்தக் கையை விழவைத்தது யார், எல்லாம் சொன்னேன். தண்ணீர் பாட்டில் வந்து நெற்றியில் விழுந்தது. பிறகு ஒரு நாற்காலி. சொல்லி முடிக்கிறவரை நான் மைக்கை விடவில்லை. சாட்சி மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனதைப் பார்த்தேன்.

வானதி ஓட்டினாள் பார், அது பந்தயமே இல்லை. முதல் வளைவிலேயே ஒருவனை வரப்போரம் தள்ளினாள். இன்னொருவன் சக்கரத்தோடு சக்கரம் உரசப் புகை கிளம்பியது. யாரை அடிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அடித்தாள். கடைசிச் சுற்றில் முன்பக்கம் நொறுங்கி, மூன்றாவதாக வந்தாள். தள்ளியதற்காக அந்த இடத்தையும் பறித்துவிட்டார்கள். அவள் அதைக் கேட்கவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். கண் ரத்தமாக இருந்தது.

"எங்கப்பா பேர மைக்குல சொன்னதுக்கு நன்றிக்கா. உங்கண்ணன் கால்ல விழணும்னு எழுதியிருந்தாரே, வரச் சொல்லுங்க. குனிஞ்சாருன்னா நிமிர விட மாட்டேன். நான் சும்மா சொல்லல."

சும்மா சொல்லவில்லை என்று எனக்கும் தெரிந்தது. வீல் பானா அவள் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் மனுவை எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கம் எழுதிவிட்டுக் கிழித்தேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. அந்தப் பெண்ணும் உன்னைப் போல ஜெயிலுக்குப் போகக் கூடாது.

ஆகவே அங்கேயே இரு. வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நெடுநாள் இருக்க வேண்டும் நீ.

கவிப்ரியா